ஆடாதீங்க சாரும் ஒரு மைனாவும்

கேமராவைத் தலைகீழாகப் பிடித்தால் பொத்தான் இடது கைப்பக்கம் வந்துவிடும் என்று அவர் கண்டுபிடித்த அரை நிமிஷத்தில், கை நழுவி விழுந்த கேமரா அவருடைய நல்ல தொடையைப் பதம் பார்த்தது. மரத்துப்போன தொடையில் விழுந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அவருடைய அதிர்ஷ்டம் எப்போதும் அப்படித்தான்.

"என்ன சத்தம்?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. படம் எடுக்கறேன்."

தெருவில் அவருக்கு 'ஆடாதீங்க சார்' என்று பெயர். பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர். எதிரே உட்கார்ந்த அத்தனை பேரிடமும் காலமெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் பக்கவாதம் வந்து, அதே வார்த்தையை அவருடைய வலது கைக்கும் வலது காலுக்கும் சொல்லிவிட்டுப் போனது. அதற்கப்புறம் சக்கர நாற்காலி, ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவர். அந்தச் சுவரில் தினமும் ஒரு மைனா.

கடையை இப்போது மனைவி பார்த்துக்கொள்கிறாள். அவள் எடுக்கும் படத்தில் நெற்றி இருந்தால் தாடை இருக்காது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இடத்தைத் தனக்கே விட்டுவிடும்படி நச்சரித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாக அவள் சொல்லியிருந்தாள்.

"அங்க கேமரா ஸ்டாண்டுலதானே நிக்குது? இடது கையால அமுக்கினா படம் விழாதா? வந்து உக்காருங்க, அது போதும்" என்று அவள் கெஞ்சாத நாளில்லை.

"உக்காந்திருக்கறவனை உக்காந்திருக்கறவன் எடுக்கறதா? போதும், எடுத்தாச்சு" என்றார் அவர். "அந்த மைனா பறக்கறதை ஒண்ணே ஒண்ணு எடுக்கறேன், யாரும் கை குடுக்காம. எடுத்துட்டா கடைக்கு வர்றேன். முடியலைன்னா ஜெராக்ஸ்காரருக்கே குடுத்துடு. அந்தக் கேமராவையும் சேர்த்துக் குடு."

வாழ்க்கையே ஒரு மைனாவிடம் போய் மாட்டிக்கொண்டது அவருக்கே தெரிந்துதான் இருந்தது.

உலகத்தில் கேமரா செய்கிறவர்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு பொத்தானை வலது பக்கமே வைத்திருக்கிறார்கள். தலைகீழ் வித்தை தொடையோடு முடிந்ததால், மனைவியின் தம்பி ஒரு முக்காலி ஸ்டாண்டு கொண்டுவந்தான். கிரில் பட்டறை வைத்திருப்பவன். எந்தக் கஷ்டத்துக்கும் ரெண்டு போல்ட் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன்.

ஸ்டாண்டின் மூன்று கால்களும் நாற்காலியின் சக்கரங்களும் ஒன்றையொன்று பார்த்த மாத்திரத்தில் பகையாளியாகிவிட்டன. அவர் கிட்டே போனால் ஸ்டாண்டு சாய்ந்தது. தள்ளி நின்றால் கண் எட்டவில்லை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் முதலில் ஸ்டாண்டை நகர்த்த ஆள் கூப்பிட வேண்டும். யாரும் கை கொடுக்கக்கூடாது என்று சொன்னவர் ஒரு நாளில் பத்துத் தடவை ஆள் கூப்பிட்டார்.

"விடுங்க மாமா, ஸ்டாண்டே வேண்டாம். நாற்காலியையே ஸ்டாண்டாக்கிடலாம்" என்றான் மச்சான்.

நாற்காலியின் கைப்பிடியில் ஓர் இரும்புக் கையைப் பொருத்தி, அதில் கேமராவையும் வாடகைக்கு எடுத்த பெரிய லென்ஸையும் மாட்டினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பின் கனத்தில் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, சாய்ந்த பக்கமே அவரும் சாய்ந்தார். அவர் மூச்சு விட்டால் லென்ஸ் ஆடியது. வாசற்படியில் நாற்காலி நுழையவில்லை. மூன்று வேளையும் அந்த லென்ஸுக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மனைவி பரிமாற வந்தால் லென்ஸ் அவளையும் முறைத்தது.

"இப்ப எதால அமுக்கப்போறீங்க? இடது கைதான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டிருக்கே" என்றாள் அவள்.

அதற்கும் மச்சானிடம் மருந்து இருந்தது. தையல் மெஷின் பெடல் மாதிரி ஒன்றை இடது காலுக்குக் கீழே வைத்து, கேமராவுக்கு ஒயர் இழுத்தான். காலை அழுத்தினால் படபடவென்று படமாக விழும். அவர் தும்மினார்; ஜன்னல் கம்பி நாற்பது படம் விழுந்தது. மனைவியிடம் கோபித்துக்கொண்டு காலை உதைத்தார். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வை அறுபது படம்.

மைனா மட்டும் பறக்கவில்லை. கழுத்தைத் திருப்பும், வெயிலில் கண் மூடும், உட்கார்ந்தே இருக்கும். இத்தனை வருஷமாக ஆடாதே என்று கெஞ்சியும் ஆடிக்கொண்டே இருந்தார்கள் ஜனங்கள். ஆடு என்று அவர் கெஞ்சுகிற இந்த ஒரு ஜீவன் ஆடமாட்டேன் என்கிறது. கொடுமை என்னவென்றால், பாட்டரி மாற்றக் குனிந்து நிமிர்வதற்குள் சுவர் காலியாக இருக்கும். பின்னால் அந்தப் போர்வை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

"எனக்குன்னே காத்திருந்து பறக்குதுடா. நொண்டின்னா அதுக்குக்கூட இளக்காரம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை. கடைசி நாள். மச்சான் ஓர் இரும்புத் தகட்டோடு தெருவில் போய் நின்றான்.

"அடிடா!" என்றார் அவர், காலைப் பெடலின் மேல் தயாராக வைத்துக்கொண்டு.

மச்சான் அடித்த அடியில் தெருநாய்கள் அத்தனையும் குரைத்தன. யார் வீட்டிலோ பாத்திரம் விழுந்தது. அவர் பெடலைத் தேய்த்துத் தள்ளிவிட்டார். மைனா உடம்பைச் சுருக்கிக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு சுவரின் மேலேயே குடுகுடுவென்று நடந்துபோய், பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

மைனா நடக்கிற படம் நூற்றுச் சொச்சம். பறக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

"எல்லாத்தையும் கழட்டிடுடா" என்றார் அவர். மச்சான் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். நாற்காலி நேரானது, அவர்தான் சாய்ந்தபடியே இருந்தார்.

"நாளைக்கு ஜெராக்ஸ்காரர்கிட்ட சரின்னு சொல்லிடு."

மனைவி சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அழுவதென்றால் அவள் குழாயைத் திறந்துவிடுவாள்.

வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டு அம்மா. கையில் துண்டு போட்டு மூடிய கூடை. தகட்டுச் சத்தத்துக்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்றுதான் அவர் நினைத்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, இனிமே சத்தம் வராது."

"அது கிடக்கட்டும் தம்பி. எனக்கு ஒரு உதவி வேணும். மகள் இருக்கற நாட்டுக்கே போய்ச் சேரலாம்னு இருக்கேன். இவனையும் கூட்டிக்கிட்டுப் போகணும்னா நேராப் பாத்த மாதிரி ஒரு படம் கேக்கறாங்க" என்று அந்த அம்மா துண்டை விலக்கினார்.

கூடைக்குள்ளிருந்து அவரை அண்ணாந்து பார்த்தது மைனா. அதே கழுத்துத் திருப்பல்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கடைக்குப் போங்கம்மா. வீட்டுக்காரி எடுத்துக் குடுப்பா."

"அவங்க எடுத்தா இவனுக்கு மூக்கு இருக்காதே! நாளைக்குக் கடைக்குத் தூக்கிக்கிட்டு வர்றேன், நீங்களே எடுங்க தம்பி."

"என்னம்மா விளையாடறீங்களா? பறக்கற ஜீவனைப் பிடிச்சு எப்படி ஆடாம உக்கார வைக்கறது? வெளிச்சம் அடிச்ச உடனே ஓடிடாதா?"

"அந்தக் கவலையே வேண்டாம் தம்பி" என்றார் எதிர்வீட்டு அம்மா. "தினம் வெயில் காய நான்தான் தூக்கிட்டுப் போய்ச் சுவத்துல வைக்கறேன், நான்தான் எடுத்துட்டு வர்றேன். குஞ்சா இருக்கறப்பவே பூனை கடிச்சு, இவனுக்கு வலது றெக்கை வராது."