கடைசிக் கொட்டிலில் காய்ச்சிய பன்னீர்

அழகாக வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் பெண் பார்க்க வருகிற அன்றைக்கே, அதுவும் ஒரு பிரஷர் குக்கரின் தயவில் அழகாகிவிடலாம் என்று நினைப்பது கொஞ்சம் அதிகம்தான். இந்தப் புத்தி எனக்கு இருபத்தாறு வயதில் இல்லை. (இப்போதும் இருப்பதாக என் கணவர் ஒப்புக்கொள்வதில்லை.)

அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம். அப்பா அந்தத் தோட்டத்தின் கசிப்பு ஒழிப்புக் கமிட்டித் தலைவர். கள்ளத்தனமாகக் காய்ச்சும் அந்தச் சரக்கை எங்கே கண்டாலும் பானையை உடைத்து, ஆளைப் பொலிஸில் கொடுப்பதுதான் கமிட்டியின் வேலை. அப்பாவின் அந்தப் பெயரால்தான் எனக்குக் கொஸ்லந்தையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, குடிக்குப் புருஷனைப் பறிகொடுத்தவர். குடிவாடையே இல்லாத வீடாக இருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இந்த வரன் தட்டிப்போனால் செத்தே போவேன் என்று நினைத்தேன். முகத்திலோ பருக்கள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன.

வீட்டிலேயே காய்ச்சிய பன்னீரைத் தடவினால் பரு ஓடிவிடும் என்று யூடியூபில் ஒரு அக்கா அடித்துச் சொன்னார். பாத்திரத்து மூடியைக் கவிழ்த்து, மேலே ஐஸ் வைக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் ஐஸுக்கு எங்கே போவது? சனிக்கிழமை நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பன்னிரண்டு மணிக்கு நான் விஞ்ஞானி ஆனேன். அம்மாவின் குக்கரில் ரோஜா இதழ்களையும் தண்ணீரையும் போட்டேன். விசிலைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, குழாயைக் குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் சுற்றிவிட்டு, நுனியை ஒரு போத்தலுக்குள் விட்டேன். மண்ணெண்ணெய் வாங்குகிற பழைய சாராயப் போத்தல் அது. (நன்றாகத்தான் கழுவியிருந்தேன்.) குக்கரைத் தூக்கியது தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவார். அதனால் லயத்தின் கடைசியில் பாழாய்க் கிடந்த விறகுக் கொட்டிலில், வாசலுக்கு ஒரு சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அடுப்பு மூட்டினேன்.

அடுப்பு, குழாய், வாளி, போத்தல், சாக்கு மறைவு. தோட்டத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இது என்னவென்று சொல்லியிருக்கும். கமிட்டித் தலைவரின் மகளுக்கு மட்டும் தோன்றவில்லை.

மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, புகையையும், கூரை ஓட்டை வழியே குழாயையும் கண்டு அப்பாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! சம்பந்தம் பேச வருகிற நாளில், தன் லயத்திலேயே கசிப்பா? கமிட்டிக்காரர் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு, கையில் தடியோடு, தேயிலைக்குள் பதுங்கிப் பதுங்கி வந்திருக்கிறார்.

"உள்ள யாரு? தப்பிக்க முடியாது, வெளிய வா."

"நான்தாம்ப்பா."

அப்பா சாக்கை விலக்கினார். கடலை மாவும் மஞ்சளும் அப்பி, கண் மட்டும் தெரிகிற முகத்தோடு நான் நின்றேன். பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் தடியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மற்ற மூவருக்கும் ஓடத் தோன்றவில்லை.

பன்னீர் என்று அழாத குறையாகச் சொன்னேன். போத்தலை முகர்ந்து பார்த்தார்கள். ரோஜா, மண்ணெண்ணெய், குக்கரில் வெந்த போன வாரத்து ஆட்டுக்கறி எல்லாம் கலந்து மணந்தது. கசிப்பு எப்படி மணக்கும் என்று தனக்குத் தெரியும் என ஒப்புக்கொள்ளக் கமிட்டியில் ஒருவருக்கும் துணிவில்லை. மகள் என்பதற்காக விட்டுவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு அடுத்தவன் பானையை உடைப்பது என்று அப்பாவும் பிடிவாதமாக நின்றுவிட்டார். கடைசியில், குடித்ததற்காகக் கமிட்டி இரண்டு முறை பிடித்துக் கண்டித்துவிட்ட மருதை மாமாவையே, ருசி பார்த்துச் சொல்ல அழைத்து வந்தார்கள். அதற்குள் லயமே அங்கே திரண்டுவிட்டது.

மாமா போத்தலை வாய்க்குக் கொண்டுபோன அந்த நேரம் பார்த்து, மழைக்கு முந்திவிடலாம் என்று ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா அடுப்பைப் பார்த்தார், சாராயப் போத்தலைப் பார்த்தார், தடியோடு நின்ற சம்பந்தியைப் பார்த்தார், மஞ்சள் முகத்தோடு என்னைப் பார்த்தார். அப்படியே வேன் பக்கம் திரும்பினார். அப்பா அவசரமாகத் தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

மாமா ஒரு மிடறை வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு, தூவென்று துப்பினார்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. நான் நாப்பது வருசமா குடிக்கிறேன். இதுல ஒரு சொட்டு சரக்கு கெடையாது. இருந்திருந்தா துப்பியிருப்பேனா?"

அந்த அம்மா நின்றார். துப்பிய இடத்தைப் பார்த்தார். குடிகாரரோடு குடும்பம் நடத்தியவருக்கு அந்த வாதத்தின் பலம் புரிந்திருக்க வேண்டும்.

"ஆமா, துப்ப மாட்டாங்கதான்," என்றார். பிறகு என்னிடம், "போயி மூஞ்சியக் கழுவிட்டு வாம்மா, பாப்போம்," என்றார்.

(மாப்பிள்ளை வேனை விட்டு இறங்காததற்குக் காரணம் கோபம் என்றுதான் நினைத்தேன். சிரித்துச் சிரித்து இறங்க முடியவில்லையாம்.)

பரு போகவில்லை. கலியாணப் படத்திலும் இருக்கிறது. ஆனால் கலியாணத்துக்கு மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பதிவில் மருதை மாமாதான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் குடிக்காமல் இருந்து, வெள்ளைச் சட்டை போட்டு, கமிட்டித் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடுங்கும் கையால் அவர் போட்ட கையெழுத்து பாதிப் பக்கத்துக்கு ஓடியது.

இன்றைக்கும் நான் எதையாவது சத்தியம் பண்ணிச் சொன்னால், மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "எதுக்கும் மருதையக் கூப்புட்டு ஒரு வாய் குடுத்துப் பாப்போமா?"