ஏழரை லிட்டரும் ஒரு தேங்காயும்

பெட்ரோலும் கற்பூரமும் ஒன்றாக மணக்கும் இடத்தில் நான் இன்றைக்கும் ஓரடி பின்வாங்கிவிடுவேன். இரண்டும் எங்கே ஒன்றாக மணக்கப் போகின்றன என்று கேட்பீர்கள். போன கிழமை மணந்தது. உறவினர் ஒருவர் புதுக் காருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்; பக்கத்து வளவில் ஒரு ஜெர்மன்காரர் புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். காற்று இரண்டையும் குழைத்து என் மூக்கில் அப்பியது. அடுத்த மூச்சில் நான் டுசல்டோர்ஃபில், எங்கள் கராஜ் வாசலில், கையில் தேங்காயோடு நின்றேன்.

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் சிலர் தலைமுடிக்குக் கறுப்பு பூசுவார்கள், சிலர் மரதன் ஓடுவார்கள். நான் கார் கட்டினேன். அறுபதுகளில் ஓடிய ஒரு பந்தயக் காரின் நகல் அது. கண்ணாடி நாரால் செய்த உடல், கடல் நீலம், இரண்டே இருக்கை, கூரை கிடையாது (வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில்). கட்டத் தொடங்கி அலுத்துப்போன ஒருவரிடமிருந்து எஞ்சின் இல்லாமல் வாங்கினேன். எஞ்சின் இல்லாத அந்தக் கார், பாட்டை மறந்துவிட்டு மேடையில் நிற்கும் பாடகனைப் போலிருந்தது. அதற்குக் குரல் கொடுப்பது என் பிறவிக் கடமை என்று அன்று எனக்குத் தோன்றியது.

என் நண்பர் ரஞ்சன் அண்ணை, முப்பது வருடமாகக் கார்ப் பட்டறையில் வேலை செய்கிறவர், காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து சொன்னார்:

"இதுக்குச் சின்ன எஞ்சின் ஒண்டு காணும் தம்பி. சின்னதெண்டாலும் எட்டுச் சிலிண்டர்தான்."

"பெரிசுதான் அண்ணை போடுறது."

"பெரிசு உயரம் கூட. எஞ்சினுக்கு மேல பொனற் மூடாது."

"மூடும்."

"அளந்தனீரோ?"

அளக்கவில்லை. என் தொழில் என்ன தெரியுமா? தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. பிறர் கடைந்த உருளைகளை நாள் முழுக்க அளந்து, நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் இரக்கமின்றித் திருப்பி அனுப்புகிறவன். வீட்டுக்கு வந்தால் கண்ணளவு, மன அளவு.

அமெரிக்காவிலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கியது எஞ்சின். முழுதாகப் பூட்டி, இறக்கி வைத்தால் ஓடுகிற நிலையில். பெட்டியின் மூடியைக் கழற்றியபோது புது எண்ணெயின் வாசனை எழுந்தது. பக்கத்துக்கு நான்காகச் சாய்ந்து நின்ற எட்டுச் சிலிண்டர்களும் எதையோ வேண்டி ஏந்திய இரு கைகளைப் போலிருந்தன. ஏழரை லிட்டர்.

"எத்தினை?" என்று கேட்டாள் என் மனைவி வசந்தி.

"ஏழரை."

"நல்ல நம்பர்தான் பாத்து எடுத்திருக்கிறியள். சனியனைக் காசு குடுத்துக் கப்பலில கூப்பிட்டிருக்கிறியள்."

வசந்தியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவள் கலியாணப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறவள். தையல் இயந்திரம் படுக்கையறையில், வெட்டும் மேசை சமையலறையில், கூறைச் சேலைகள் கதிரைகளில். தொழிலை முறையாகப் பதிவு செய்து, கராஜில் ஒரு தையல் அறை போட வேண்டும் என்பது அவள் கனவு. அந்தக் கனவின் மேல்தான் என் கார் மூன்று வருடமாக நின்றது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தீர்ப்பைச் சொன்னாள்:

"ஆவணி கடைசிச் சனி வரைக்கும் தவணை. அண்டைக்கு உங்கட கார் தன்ர எஞ்சினில தானா வெளியில வந்தா கராஜ் உங்களுக்கு. நான் வாய் திறக்க மாட்டன். வரேல்லையெண்டா கராஜ் எனக்கு. சரியோ?"

"சரி."

"பிறகு மாறிக் கதைக்கேலாது."

"நான் எப்ப மாறிக் கதைச்சனான்?" (இந்த இடத்தில் மேசையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். மேசையில் எங்கள் மகள் மட்டும்தான் இருந்தாள், ஆனாலும் எல்லாரும்.)

அதன் பிறகு என்னை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேலை, கராஜ், குளியல், நித்திரை. கனவிலும் நட்டு முறுக்கினேன். வாடகைக்கு எடுத்த கிரேனில் எஞ்சின் தொங்க, ரஞ்சன் அண்ணை கீழே படுத்துக் கத்துவார்: "இறக்கும்... இறக்கும்... ஐயோ நில்லும், என்ர மூக்கு!" முதல் சனிக்கிழமை எஞ்சின் கியர்ப்பெட்டியோடு சேர மறுத்தது. இரண்டாவது சனிக்கிழமை சேர்ந்தது. ஆனால் ஸ்டியரிங் தண்டு புகைக்குழாயில் இடித்தது. குழாயை வெட்டி, வளைத்து, மறுபடி ஒட்டினோம். மூன்றாவது சனிக்கிழமை அந்த முந்நூறு கிலோ இரும்பு, களைத்த யானை குளத்தில் இறங்குவதைப் போல, மெதுவாகத் தன் இடத்தில் அமர்ந்தது. நான் அழுதுவிட்டேன். எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்ததில் மேலும் அழுதேன்.

பொனற் மூடவில்லை.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து உள்ளே ஊட்டும் கார்புரேற்றர் எஞ்சினின் உச்சியில் இருந்தது; அதற்கு மேலே காற்று வடிகட்டி. வடிகட்டியின் தலை பொனற்றை நான்கு விரல் உயரத்தில் தூக்கி நிறுத்தியது. ரஞ்சன் அண்ணை அளவு நாடாவை எடுத்து என் கையில் வைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தட்டையான வடிகட்டிக்கு ஓடர் கொடுத்தேன். தவணை நாளுக்குள் வந்து சேரவில்லை. பரவாயில்லை, வடிகட்டி இல்லாமலே ஓட்டலாம், கராஜுக்குள்ளிருந்து வாசல்வரைதானே என்று முடிவெடுத்தேன். அதாவது கார்புரேற்றரின் நான்கு வாய்களும் வானத்தைப் பார்த்து ஆவென்று திறந்திருந்தன.

தவணை நாள் வந்தது. நான் சும்மா வெளியே எடுக்கிறவனா? சொந்தக்காரர் இருபது பேருக்குச் சொல்லியிருந்தேன். நல்ல நேரம் பத்து நாற்பதுக்கு. (பஞ்சாங்கத்து நேரம் யாழ்ப்பாணத்துக்கா, ஜெர்மன் கோடைகாலத்துக்கா என்று இரண்டு மாமாக்கள் சண்டை பிடித்து, கடைசியில் வடை வந்ததும் சமாதானமானார்கள்.) நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய். பொனற்றைத் திறந்து நிறுத்தி, எஞ்சினுக்குச் சந்தனப் பொட்டு.

பக்கத்து வீட்டு ஹெர் கிரவுசெ (ஹெர் என்றால் எங்கள் 'திரு'), ஓய்வு பெற்ற இயந்திரப் பொறியாளர், தீயணைப்பானைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். பெட்ரோலுக்குப் பக்கத்தில் கற்பூரம் என்றால் அவர் அப்படித்தான் வருவார். எஞ்சினை எட்டிப் பார்த்தவர், சட்டைப் பையிலிருந்து சுத்தமான ஒரு துணியை எடுத்துக் கார்புரேற்றரின் மேல் விரித்தார். "இதை எப்போதும் மூடி வையுங்கள்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? துணியை எடுத்தேன். மெருகேற்றிய அந்த வெள்ளி நிறம் சொந்தக்காரரின் கண்ணில் பட வேண்டாமா? துணிக்குக் கீழே மின்னினால் யாருக்குத் தெரியும்?

"அந்தாள் ஏதோ சொல்லித்தானே மூடினவர்?" என்றாள் வசந்தி.

"அவைக்கு எல்லாத்துக்கும் பயம்."

"தேசிக்காய் வைச்சாச்சுத்தானே, தேங்காய் வேண்டாமப்பா," என்றார் ரஞ்சன் அண்ணை.

"முதல்முதல் வெளிக்கிடுது அண்ணை. தேங்காய் உடைக்காமல் எடுக்கிறதோ?"

தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காய். கப்பலில் பல கடல் தாண்டி வந்து, கல்லாகி, யாருக்கும் தலை வணங்காத தேங்காய். காருக்கு முன்னால் கல் பதித்த நிலத்தில் அடித்தேன். உருண்டது. மறுபடி அடித்தேன். துள்ளியது. யாரோ சிரித்தார்கள். மூன்றாம் முறை, மூன்று வருட ஆத்திரத்தையும் தோளில் ஏற்றி, இரண்டு கையாலும் தூக்கி அடித்தேன்.

சிதறியது! அப்படியொரு சிதறலை நான் கண்டதில்லை. தண்ணீர் ஹெர் கிரவுசெயின் காற்சட்டையில். ஒரு துண்டு மாமாவின் வடைத் தட்டில். எல்லாரும் கை தட்டினார்கள். இன்னொரு துண்டு எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை.

பொனற்றைச் சாத்திவிட்டு, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல். பிறகு ஏழரை லிட்டரும் வாய் திறந்தது. அது சத்தமில்லை, நிலத்துக்கு அடியில் ஒரு ஆறு விழித்த மாதிரி. தெருவில் நின்ற கார்களின் அலாரங்கள் அலறின, குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், என் நெஞ்செலும்பு என்னைக் கேட்காமலே தாளம் போட்டது. கிளச்சை விட்டேன். தேசிக்காய்கள் நசிந்தன. கார் நகர்ந்தது. முன் சில்லுகள் வெயிலுக்குள் வந்தன. அப்படியே மெதுவாகப் போயிருக்கலாம். ஆனால் இருபது பேர் பார்க்கிறார்கள். அக்சிலேட்டரை ஒரே மிதி மிதித்தேன்.

டிங். டக். டக் டக் டக். டமார்.

ஆறு அந்த இடத்திலேயே வற்றியது.

அந்த அமைதியில் வசந்தி காரின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். "பின் சில்லு ரெண்டும் இன்னும் உள்ளுக்கு," என்றாள். குரலில் வெற்றி இல்லை. அதுதான் கூட வலித்தது.

"முக்கால்வாசி வெளியில நிக்குதே!" என்றேன்.

"தானா வெளியில வரோணும் எண்டு பேச்சு. தள்ளியெண்டா நானும் மூண்டு வருசத்துக்கு முதலே தள்ளியிருப்பன்."

அடுத்த வாரம் ரஞ்சன் அண்ணை சிலிண்டரின் தலையைக் கழற்றினார். தொட்டாற்சுருங்கி இலை போல மடங்கிக் கிடந்தது ஒரு வால்வு. சிரட்டைத் துண்டு ஒன்று உள்ளே போய் அதை மூடவிடாமல் பிடித்திருக்கிறது. மேலே வந்த பிஸ்டன் அதில் மோதியிருக்கிறது. வறுத்த தேங்காயின் மணம் கராஜ் முழுக்க. ரஞ்சன் அண்ணை விரலில் ஒட்டிய கருகிய தேங்காய்ப்பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது எஞ்சினோ, தேங்காய் திருவுற திருவலையோ?"

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எங்கே தேங்காய் உடைத்தாலும் என்னைக் காட்டி ஒரு குரல் எழும்: "பொறுங்கோ, சிவா மாமா நிக்கிறார். கார் எல்லாத்தையும் மூடிப்போட்டு உடையுங்கோ." மகளிடம் காணொளியும் இருக்கிறது. மருமகனாக வரப்போகிறவருக்கு முதல்முதல் காட்டியதும் அதைத்தான்.

நான் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹெர் கிரவுசெயின் உறவினர் ஒருவருக்கு நகரத்துக்கு வெளியே பண்ணை இருந்தது. வைக்கோல் களஞ்சியத்தின் ஒரு மூலையை எனக்குத் தந்தார். புது வால்வு, புது பிஸ்டன், தட்டையான வடிகட்டி, எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு ஓடர் கொடுத்தேன். இந்த முறை எல்லாவற்றையும் அளந்தேன், இரண்டு தடவை.

காரை இழுவை வண்டியில் ஏற்றிய காலை, வசந்தி வெறும் கராஜின் நடுவில் அளவு நாடாவோடு நின்றாள். எண்ணெய்க் கறை படிந்த தரையில் சோக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்: மேசை இங்கே, இயந்திரம் அங்கே. ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. மூன்று வருடமாக அந்த வெளிச்சத்தை என் கார்தான் வாங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப நான் வாறன் வசந்தி," என்றேன். "பின்னேரம் ஸ்பானர் பெட்டியை எடுக்க வருவன்."

அவள் கோட்டிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"வாங்கோ. ஆனா கதவைத் தட்டிப்போட்டு வாங்கோ. உள்ளுக்குப் பொம்பிளையள் உடுப்பு மாத்துவினம்."