மேட்டுப்பாளையத்து வெயிலில் காய்ந்த வில்

குன்னூரின் குளிரைத் தம் சொந்தப் பகைவனாகக் கருதிய மனிதர் இவ்வுலகில் ஒருவரே இருந்தார். தெருவார் அவரைக் 'கிளாம்ப்பு ஐயா' என்றனர். தமிழ் பயிற்றுவித்து ஓய்வுபெற்ற நான் மட்டும் 'இடுக்கியார்' என்று விளிப்பேன். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

பக்கத்து வெலிங்டன் படைமுகாமில் பண்டகசாலை எழுத்தராயிருந்தவர். தம் கையால் ஒரு வில் செய்து, ஓர் அம்பேனும் எய்துவிட வேண்டும் என்பது அவர் வேட்கை. வில்லின் நடுவே கை பற்றும் கட்டைக்கு, மெல்லிய பலகைகளை அடுக்கி, இடையிடையே பசை தடவி, இரும்பு இடுக்கிகளால் இறுக்குவார். பசை இறுக வெப்பம் வேண்டும். எங்கள் ஊரிலோ துவைத்த வேட்டியே வாரக்கணக்கில் ஈரமாய்த் தொங்கும்.

முதற்கட்டை, நாண் ஏற்றியதும் ஏடு ஏடாகப் பிரிந்தது. இரண்டாவதைக் கம்பளி போர்த்தி, வெந்நீர்ப் பையை அணைத்துக் கட்டிலில் கிடத்தினார். துணைவியார் கூடத்துக்குக் குடிபெயர்ந்தார்.

"ஏனுங்க, கட்டைக்குப் போத்துன கம்பளில பாதிய எனக்குப் போத்தக்கூடாதுங்களா?"

"நீயென்ன ஏடு ஏடாப் பிரிஞ்சா போயிருவ?"

அக்கட்டையும் பிரிந்தது.

மூன்றாவதை அவர் இறுக்கிய வேளையில், மாத இறுதியில் இருவரையும் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொள்வதாக மகன் சொல்லிவிட்டான். அடுக்குமாடி வீடு, அம்பு எய்ய இடம் ஏது? அந்த வாரம் என் தங்கை மகளுக்கு மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் திருமணம். தூறலில் நனைந்தபடி, துண்டு சுற்றிய கட்டையை மார்போடு அணைத்து இடுக்கியார் வந்து நின்றார்.

"சார், கீழ வெயில் கொளுத்துதாமுங்க. இவனையும் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க."

"தாங்களே எடுத்துச் செல்லலாமே?"

"எனக்குக் கீழ எறங்குனாலே மயக்கமுங்க. இவன் தாங்குவான்."

மண்டபத்தின் மொட்டைமாடியில் கட்டையைக் கிடத்திவிட்டுப் பந்தலில் வந்து அமர்ந்தேன். கெட்டிமேளம் முழங்கிய நொடியில் கைப்பேசி அலறிற்று.

"திருப்பிப் போட்டீங்களா, சார்?"

"இடுக்கியாரே, இங்கே தாலி கட்டுகிறார்கள்!"

"அது பாட்டுக்குக் கட்டட்டுமுங்க. மறுபக்கம் வெயில் பட வேண்டாமுங்களா?"

அத்திருமணத்தின் எந்த நிழற்படத்திலும் நான் இல்லை.

கட்டை இறுகிற்று. ஊர் விட்டுப் புறப்படுவதற்கு முன்தினம், தேயிலைச் சரிவின் விளிம்பில் வில்லோடு நின்றார். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கை ஓய்ந்து பார்த்தனர்.

"தாத்தா, மான் எங்க? ஓடிப்போச்சா?"

"இந்தப் பக்கம் விட்டுறாதீங்க, சாமி! எங்கள வேல வாங்குற மேஸ்திரி அந்தப் பக்கம் இருக்காரு!"

நாண் அதிர்ந்தது. அம்பு பனிமூட்டத்துள் புகுந்து மறைந்தது. அது விழுந்த திசையை அவர் நோக்கவே இல்லை. கட்டையின் ஒட்டுக்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிரியலைங்க, சார்."

மறுநாட் காலையில் மகனின் கார் வந்தது. பூட்டிய கதவில் அவர் துணைவியார் மஞ்சள் தடவிவிட்டு இறங்கினார்.

இப்போது அந்த வில் ஆறாம் மாடிச் சுவரில் ஆணியில் தொங்குகிறதாம். மாலைதோறும் அழைக்கிறார்.

"இங்க காலைல பசை தடவுனா மத்தியானமே காஞ்சிருதுங்க, சார். அப்புறம் பொழுதுக்கும் என்ன பண்றதுன்னே தெரியலைங்க." பிறகு தவறாமல் கேட்பார்: "மேல... குளிருதுங்களா?"

சன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று எரியும் நாளிலும் என் விடை ஒன்றே.

"கடுங்குளிர், இடுக்கியாரே. இங்கே எதுவுமே காயவில்லை."