நரிக்கல் தோட்டத்து நத்தார் தாத்தா: ஓர் அதிகாரபூர்வ வரலாறு

உலகத்துக்கு நன்மை செய்தவர்களின் வரலாற்றைப் பிறர் திரித்து எழுதுவது புதிதல்ல. ஆனால் நத்தார் தாத்தாவுக்கு நடந்த அநியாயம் வேறு யாருக்கும் நடந்ததில்லை. அவர் வட துருவத்தில் குடியிருக்கிறார், கலைமான் வண்டியில் ஏறி வருகிறார், புகைபோக்கி வழியாக வீட்டுக்குள் இறங்குகிறார் என்றெல்லாம் படித்தவர்களே நம்பி வந்தார்கள். இந்த அறியாமையை நீக்கி அவருடைய உண்மையான வரலாற்றை உலகத்துக்கு வழங்கிய பெருமை, இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே பஸ் போகாத உயரத்தில் இருக்கும் பிராக்கன்டேல் தோட்டத்தையே சேரும். தோட்டத்து ஆட்கள் அதை நரிக்கல் தோட்டம் என்பார்கள். தோட்டத்தை நடத்தும் கம்பெனிக்கு அந்தப் பெயர் பிடிக்காது.

இந்த வரலாற்றின் நாயகன் லோரன்ஸ். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. கன்னம் ஒட்டிய, ஒல்லியான மனிதர். ஆனாலும் வருஷா வருஷம் நத்தார் தாத்தா வேஷம் அவருக்குத்தான். நரிக்கல் தோட்டத்தில் தொப்பை வைத்திருப்பவர்கள் நிர்வாகம் செய்கிற தொரைமாரும் யூனியன் தலைவர்மாரும் மட்டுமே. கொடுக்கிற வேஷம் அந்த இரு சாராருக்குமே பொருந்தாது என்பதால், லோரன்ஸின் வயிற்றில் தலையணையைக் கட்டி ஒப்பேற்றி வந்தார்கள். அவரும் ஆண்டவருக்குச் செய்கிற ஊழியம் என்று நினைத்து, குழந்தைகளுக்கு டொபி கொடுத்து, அன்றைக்கு ஒரு நாள் குண்டாக இருந்துவிட்டுப் போவார்.

லோரன்ஸுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு கவலைதான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அவருடைய காம்பரா என்கிற அறைவீட்டின் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. ஆனி மாதக் காற்று ஒரு தகரத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. அது எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. லோரன்ஸ் உர பேக்குகளைப் பிரித்து அதன்மேல் விரித்து, பறக்காமல் கல் வைத்திருந்தார். அந்த ஓட்டைக்கு நேர் கீழேதான் வீட்டிலிருந்த ஒரே கட்டில். வட்டவளையில் கட்டிக்கொடுத்த மகள் டிலுக்ஷி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பச்சைப் பிள்ளையைப் பனியிலும் தூறலிலும் எப்படிக் கிடத்துவது?

ஒரு தகரம் கேட்டு லோரன்ஸ் தோட்ட ஒபீஸுக்கு நடந்தார். நடந்துகொண்டே இருந்தார் என்பது இன்னும் பொருத்தம். போகும்போதெல்லாம் மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். "மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறோம்" என்றார்கள். அந்த மேலிடம் எவ்வளவு மேலே இருக்கிறது என்று லோரன்ஸுக்குத் தெரியவில்லை. தன் வீட்டில் நின்று மேலே பார்த்தால் ஆகாயம்தான் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் பெரிய தொரை துஷாந்துக்கு ஒரு நெருக்கடி வந்தது. தொரைமார் இருந்த பழைய பங்களாவைக் கம்பெனி சுற்றுலா விடுதியாக மாற்றியிருந்தது. வந்த வெள்ளைக்காரர்கள் ஒரு நாள் தேயிலையைப் பார்த்தார்கள், மறுநாள் மூடுபனியைப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் கைப்பேசியைப் பார்த்தார்கள். அவர்களுக்கு 'அனுபவம்' வேண்டும் என்று கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. உடனே 'நத்தார் பாரம்பரியக் குழு' அமைக்கப்பட்டது. தொரை தலைவர். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் திலக்ஷன் செயலாளர். 'துறைசார் அனுபவம்' உள்ளவர் என்ற முறையில் லோரன்ஸும் அழைக்கப்பட்டுக் கதவோரம் நிற்க வைக்கப்பட்டார்.

திலக்ஷன் இணையத்தில் தேடி எடுத்த வரலாற்றைச் சுவரில் படமாகக் காட்டினார். முன்னொரு காலத்தில் துருக்கிப் பக்கம் நிக்கொலஸ் என்று ஒரு கிறிஸ்தவ ஆயர் இருந்தாராம். வறுமைப்பட்ட ஒரு வீட்டில் பெண்பிள்ளைகள் கலியாணமாகாமல் தவிப்பதைக் கேள்விப்பட்டு, யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் பொற்காசுப் பையை எறிந்துவிட்டுப் போனாராம். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியதாம்.

"அந்த வீட்டுக்காரங்க கேட்டு எழுதிக் குடுத்திருந்தாங்களா?" என்று தொரை விசாரித்தார்.

"இல்லிங்க சார். அவரே பார்த்துக் குடுத்திருக்காரு."

"மேல கேக்காமலா?"

"ஆமாங்க சார்."

தொரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது சரிவராது திலக்ஷன். இல்லாதவனுக்கு என்ன வேணுமோ அதையே பார்த்துக் குடுக்கிறதுன்னா, நாளைக்கு யூனியன்காரங்க இதையே பிடிச்சுக்குவாங்க. அந்த ஆயரை எடுத்துடுங்க."

ஆயர் வரலாற்றிலிருந்து ஏகமனதாக நீக்கப்பட்டார். அவருடைய தாடியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று குழு தீர்மானித்தது.

அடுத்து புகைபோக்கி விவகாரம் வந்தது. தாத்தா லயத்து வீடொன்றுக்குள் இறங்குவதை வெள்ளைக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து படம் பிடிக்க வேண்டும். அதுதான் 'அனுபவம்'. ஆனால் புகைபோக்கி இருப்பது பங்களாவில் மட்டும். லயத்தில் புகை தனக்குத் தெரிந்த வழியில் போய்க்கொள்ளும். குழு கவலையில் ஆழ்ந்தது. தேநீர் வந்தது. அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் திலக்ஷனுக்கு வரலாற்று ஞானம் உதித்தது.

"சார், நம்ம லயத்துக் கூரையில எல்லாம் ஓட்டை இருக்குதுங்களே."

இந்த ஒரு வாக்கியம் உலக வரலாற்றையே மாற்றியது. மறு வாரமே அழகான வழுவழுத்த தாளில் 'அதிகாரபூர்வ வரலாறு' அச்சாகி வந்தது. மற்ற நாடுகளில் தாத்தா புகைக்குள் இறங்கிக் கஷ்டப்படுகிறார் என்றும், அவருடைய வசதியை முன்கூட்டியே உணர்ந்த கம்பெனி ஒன்றரை நூற்றாண்டாகக் கூரைகளைச் செப்பனிடாமல் பாதுகாத்து வருகிறது என்றும், இத்தகைய தீர்க்கதரிசனம் வேறெங்கும் காணக் கிடைக்காது என்றும் அதில் விளக்கப்பட்டிருந்தது. நாமும் இதை மறுக்க முடியாது. ஓட்டைகளைப் பாதுகாப்பதில் கம்பெனி காட்டிய பொறுமை அசாத்தியமானது.

எந்த ஓட்டை என்பதைத் தெரிவு செய்ய திலக்ஷன் அளவு நாடாவோடு லயம் லயமாக ஏறி இறங்கினார். சில ஓட்டைகள் சிறியவை. சில வீடுகளில் கூரையே இல்லாததால் அதை ஓட்டை என்று சொல்ல முடியவில்லை. தலையணை கட்டிய ஓர் ஆள் சிக்காமல் இறங்கக்கூடிய, லட்சணமான ஓட்டை லோரன்ஸின் வீட்டில்தான் இருந்தது. அது 'நத்தார் தாத்தாவின் பாரம்பரிய நுழைவாயில்' என்று பிரகடனம் செய்யப்பட்டது. பாரம்பரியத்தை யாரும் அடைக்கக் கூடாது என்பதால் உர பேக்குகளை அகற்றும்படி உத்தரவாயிற்று.

அன்றைக்கு லோரன்ஸின் மனைவி பெற்றீசியா கொழுந்து பறிக்கப் போய்விட்டு நனைந்து வந்திருந்தார். திலக்ஷன் வாசலில் நின்று பாரம்பரியத்தை விளக்கி முடிக்கும்வரை அமைதியாகக் கேட்டார்.

"புள்ளை பொறந்து வந்தா எங்கங்க சார் படுக்க வைக்கிறது?"

"பெப்ரவரி வரைக்கும்தானுங்க அக்கா. சீசன் முடிஞ்சதும் பார்ப்போம்."

"அதுவரைக்கும் புள்ளையை வயித்துலயே வச்சிருக்கச் சொல்லவா?"

திலக்ஷன் கெட்டவரல்ல. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. குழந்தைக்கு விடுதி செலவில் ஒரு சிவப்புத் தொப்பி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்.

நுழைவாயிலுக்கு ஓர் அறிவிப்புப் பலகை வேண்டியிருந்தது. ஒரு தகரத்தை வரவழைக்க அரை வருஷமாக முடியாத தோட்டத்துக்கு, ஹட்டனிலிருந்து அந்தப் பலகை இரண்டே நாளில் லொறி ஏறி வந்தது. புத்தம் புதிய கனத்த தகரம். ஆளுயரம். மூன்று மொழியிலும் எழுத்து, ஓரத்தில் ஒரு கலைமான். அதை லயத்து முனையில் நட்டார்கள். பிள்ளைகள் கலைமானைப் பார்த்தார்கள். பெரியவர்கள் எழுத்தைப் பார்த்தார்கள். லோரன்ஸ் மட்டும் பின்பக்கம் போய், விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

டிலுக்ஷிக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. வருஷக்கணக்கில் தாத்தா வேஷம் போட்ட லோரன்ஸ் அன்றைக்குத்தான் உண்மையிலேயே தாத்தா ஆனார். சந்தோஷத்தில் அழுதார். வீடு திரும்பிக் கூரையைப் பார்த்தபோது இன்னொரு முறையும் அழுதார். இரண்டையும் மனைவி பார்த்தார்.

ஒத்திகை நாளில் லோரன்ஸ் தொரையிடம் ஒரு யோசனை சொன்னார்.

"போர்டு கீழ இருந்தா போட்டோவுல விழாதுங்க தொரை. கூரை மேல ஓட்டைக்குப் பக்கத்துல வச்சா, உள்ள இருந்து பார்க்கிறவங்களுக்கும் தெரியுங்க."

தொரை அசந்துபோனார். அடிமட்டத்திலிருந்து இப்படிப்பட்ட 'சந்தைப்படுத்தல் சிந்தனை' வருவதைத்தான் கம்பெனி இத்தனை காலம் எதிர்பார்த்ததாகச் சொல்லி லோரன்ஸின் கையைக் குலுக்கினார். உத்தரவுப்படி பலகை பிடுங்கப்பட்டு, கம்பெனி ஆட்களாலேயே கூரைக்கு ஏற்றப்பட்டது.

நத்தாருக்கு முதல் நாள் காலையில் தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தார்கள். பின்னேரம் 'அனுபவம்' தொடங்கியது. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, பூந்தூறல் வேறு. காம்பராவுக்குள் வெள்ளைக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஓட்டையை நோக்கிக் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மூலையில் டிலுக்ஷி குழந்தையை மூன்று துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். தலையில் கம்பெனியின் சிவப்புத் தொப்பி, குழந்தையின் மூக்குவரை இறங்கியிருந்தது.

லோரன்ஸ் சிவப்பு உடுப்போடு ஏணியில் ஏறினார். தோளில் மூட்டை. மூட்டையில் பளபளக்கும் தாள் சுற்றிய பரிசுப் பெட்டிகள். அவை அடுத்த தோட்டத்துக்கும் வேண்டும் என்பதால் உள்ளே எதுவும் வைக்க வேண்டாமென்று குழு தீர்மானித்திருந்தது. அந்தத் தீர்மானத்தை மீறிய பெட்டி ஒன்றே ஒன்றுதான். அதற்குள் சுத்தியலும் ஆணியும் இருந்தன.

உள்ளே இருந்தவர்களுக்கு முதலில் தாடி தெரிந்தது. கை தட்டினார்கள். பிறகு கலைமான் தெரிந்தது. அது மெதுவாக நகர்ந்து வந்து ஆகாயத்தை மறைத்தது. பிறகு வீடு இருட்டாகி, தலைக்கு மேல் படார் படார் என்று அடி விழுந்தது. "இது நிகழ்ச்சியில இருக்குதா?" என்று தொரை திலக்ஷனின் காதில் கேட்டார். திலக்ஷன் அண்ணாந்து பார்த்தபடியே, "வரலாற்றுல இருந்ததுங்க சார், நம்மதான் எடுத்துட்டோம்," என்றார்.

கொஞ்ச நேரத்தில் அடி நின்றது. பெற்றீசியா மின்விளக்கைப் போட்டார். எழுத்துப் பக்கம் கீழே பார்க்கும்படி அடித்திருந்ததால், கட்டிலில் மல்லாந்தால் மூன்று மொழியிலும் வாசிக்கலாம்: 'நத்தார் தாத்தாவின் பாரம்பரிய நுழைவாயில்'. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

நத்தார் தாத்தா கதவைத் தள்ளிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். உடுப்பு தெப்பமாக நனைந்து, தலையணை தொடைக்கு இறங்கியிருந்தது. வெள்ளைக்காரர்கள் இதுவும் மரபு போலும் என்று எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சுத்தியலை ஜன்னலோரம் வைத்துவிட்டு, ஈரக் கையைத் தாடியில் துடைத்துக்கொண்டு மகளிடம் போனார்.

"இப்ப கட்டில்ல போடு ஆயி," என்றார்.

குழந்தை கட்டிலில் கிடத்தப்பட்டது. கலைமானுக்கு நேர் கீழே கால் நீட்டிக்கொண்டு தூங்கிவிட்டது.

புது வருஷம் பிறந்ததும் லோரன்ஸின் பெயருக்குக் கம்பெனியின் விளக்கம் கோரும் கடிதம் வந்தது. தட்டெழுதியவர் திலக்ஷன். முதல் குற்றம், பாரம்பரியச் சின்னத்தைப் பாரம்பரியச் சின்னத்தாலேயே அடைத்தமை. அதைச் சாதாரணக் குற்றமாகக் கருதி மன்னிக்கத் தொரை தயாராக இருந்தார். இரண்டாவது குற்றம்தான் பாரதூரமானது. அது கடிதத்தில் இப்படி இருந்தது:

'நத்தார் தாத்தாவாகக் கடமையாற்றிய வேளையில், மேலிடத்து அனுமதியின்றி, ஒரு வீட்டாருக்குத் தேவையான பரிசை நிஜமாகவே கொடுத்தமை. இத்தோட்டத்தின் நூற்றைம்பது வருட வரலாற்றில் இக்குற்றத்தை இதற்கு முன் எவரும் புரிந்ததில்லை என்பதை நிர்வாகம் பெருமையுடன் உறுதிப்படுத்துகிறது.'