உப்புத் தண்ணி அண்ணனும் வெங்காயப் பையும்

மழைத் தண்ணீரைப் பிடித்து, அதில் உப்பைக் கொட்டிக் கலக்கி, பிறகு அந்த உப்பைப் பிரிப்பதற்காகச் சாப்பாடு தூக்கத்தை விட்ட மனிதர் இலங்கையிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். என் கிரகம், அவர் என் அறையிலேயே இருந்தார்.

அம்பிட்டிய ரோட்டில் மேரி அக்கா வீட்டு மேல்மாடியில் நாங்கள் இருவரும் போர்டிங். நான் கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க். அவர் பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. ஊர் யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்று. எல்லாருக்கும் அவர் உப்புத் தண்ணி அண்ணன்.

"வானத்துலருந்து நல்ல தண்ணி சும்மா கொட்டுது. இந்த மனுசன் அதக் கெடுத்து, அப்புறம் திருத்துறாரு" என்று மேரி அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் விசயம் விளையாட்டில்லை. ஊரில் அவர் வீட்டுக் கிணறு உப்பு. மனைவி, தண்ணீர் பவுசர் வண்டி வரும் நாள் பார்த்துக் குடத்தோடு நிற்பார். "நாளுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி எடுத்த அண்டைக்கே வேலையை விட்டுப்போட்டு வந்திடுவன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவர் அண்ணன். குடம் நிரம்பினால் ஊருக்குப் போய்விடுவார். அது நிரம்பக் கூடாதென்று நான் பிள்ளையாரைக் கும்பிட்டதும் உண்டு.

உப்பைப் பிரிக்க அவர் செய்த மெசின் என்றால் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள். நடுவில் கடதாசி மாதிரி ஒரு வெள்ளைச் சவ்வு. ஒரு பக்கம் சூடான உப்புத் தண்ணீர், மறுபக்கம் குளிர்ந்த தண்ணீர் ஓடும். "இந்தச் சவ்வு தண்ணியை விடாது தம்பி, ஆவியைத்தான் விடும். உப்பு இஞ்சால நிண்டிடும்" என்பார். அந்தப் பக்கம் போன ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீராகும். ஆனால் பொழுது சாய்ந்தாலும் அரைக் குடத்தைத் தாண்டாது.

ஒரு ஞாயிறு, அவர் பூசைக்குப் போன நேரம், கழற்றி வைத்திருந்த சவ்வில் மஞ்சள் படிந்திருப்பதைக் கண்டேன். பாவம் மனுசன் என்று பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொடியில் கிளிப் மாட்டிக் காயவிட்டேன்.

"அண்ணே, வெளக்கி வச்சிட்டேன். பளபளன்னு இருக்கு பாருங்க."

அவர் கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சோப்போ போட்டனீர்?"

"ரெண்டு தடவ போட்டேண்ணே."

சோப்புப் பட்டால் சவ்வுக்குள்ளேயே தண்ணீர் ஊறிவிடுமாம். பிறகு உப்பும் கூடவே அந்தப் பக்கம் போய்விடுமாம். அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அடுத்தது வர நாலு மாதம். அவர் என்னை ஏசவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டு, "இஞ்சாரும், கொஞ்சம் பிந்தும்" என்றார். காரணம் சொல்லவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வெட்கத்தில் அன்றிலிருந்து நான் அவருக்கு எடுபிடி. புதுச் சவ்வு வந்ததும், சுடுதண்ணீர் சவ்வோரம் சோம்பேறித்தனமாக ஆறிப்போய் ஓடுகிறது, அதைக் கலக்கிவிட ஒரு வலை வேண்டும் என்றார். கண்டி மார்க்கட்டில் வெங்காயக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். வெங்காயத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் அது வந்த வலைப் பையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"உந்தப் பையைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கோ" என்று அவர் சொல்ல, கடைக்காரர் என்னிடம் மெதுவாக, "இவரை வீட்டுல எப்பிடித் தனியா விட்டாங்க?" என்று கேட்டார்.

அந்த வலையை வெட்டிச் சவ்வின் மேல் வைத்த அன்று குடம் நிரம்பியது. மேரி அக்கா ஒரு வாய் குடித்து, "பைப் தண்ணி மாதிரித்தான் இருக்கு" என்றார். அண்ணனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுக்க முடியாது. அன்றைக்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து, மறுமாதம் மெசினை மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாண பஸ் ஏறினார்.

போன கிழமை போன் வந்தது. "தம்பி, எங்கட கிணத்துத் தண்ணியில முதல் குடம் நிரம்பீட்டுது."

"ரொம்ப சந்தோசம்ணே."

"குரல் அப்பிடிச் சொல்லேல்லையே."

"நீங்க போனப்புறம் ரூம்ல இருக்கவே முடியலண்ணே" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"கிணத்தடியில குந்தியிருக்க ரெண்டு கதிரை போட்டிருக்கிறன்" என்றார் அவர். "ஒண்டில நான் இருக்கிறன். மற்றதில என்ர மனுசியையும் இருக்க விடுறேல்லை, தம்பி."