மாப்பிள்ளையின் மந்தமான விரல்

முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பரிசோதனையைப் பிறகு செய்யக் கூடாது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதை வருடந்தோறும் சொல்கிறேன். இந்த ஞானம் எனக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. (அதிபர் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன்.)

அப்போது நான் கொட்டகலையில் விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்து இரண்டு வருடம். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த சுகந்தியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். பரிசம் போடுவது மட்டும் பாக்கி. அதற்குள் மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிடப் பெண் வீட்டார் விரும்பினார்கள். எங்கள் விஞ்ஞானக் கண்காட்சிக்கே வந்துவிடுங்கள் என்று நானாக அழைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

என் மேசையின் தலைப்பு 'தொடுகை உணர்ச்சி ஆளுக்கு ஆள் வேறுபடும்'. கண்ணை லேஞ்சியால் கட்டிவிட்டு, கொண்டை ஊசியின் ஒரு முனையாலோ இரண்டு முனைகளாலோ விரல் நுனியைத் தொட வேண்டும். முனைகளை நெருக்க நெருக்க, இரண்டும் ஒன்றாகத் தோன்றத் தொடங்கும். யாருக்குக் கடைசிவரை இரண்டாகவே தெரிகிறதோ அவருடைய விரல்தான் கூர்மையானது.

கண்காட்சிக்கு முதல் நாளே பெரிய அட்டையில் முடிவை அழகாக எழுதி மாட்டிவிட்டேன். கொழுந்து பறிப்போர்: மிகக் குறைவு. ஆசிரியர்: மிக அதிகம். காய்த்துப்போன கையில் உணர்ச்சி எங்கே இருக்கும் என்பது என் தர்க்கம். நானே தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவன். கொழுந்து பறித்த கை ஊட்டிய சோற்றில் வளர்ந்தவன். அந்த அட்டையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சுகந்தி, அவளுடைய அம்மா, தாய்மாமன் மூவரும் வந்தார்கள். என் வருங்கால அத்தைக்குக் கொழுந்து மலையில் இருபத்தைந்து வருட சர்வீஸ். மரியாதை செய்வதாக நினைத்து அவரையே முதல் ஆளாக உட்கார வைத்தேன்.

முனைகளை நெருக்கிக்கொண்டே போனேன். அத்தை "ரெண்டு", "ஒன்னு", "ரெண்டு" என்று ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னார். கடைசியில் ஓர் அரிசியின் அகலம்தான் இடைவெளி.

"ரெண்டுதான் மாப்ள. ஒரு மொனை லேசா வளைஞ்சிருக்கு போல."

எடுத்துப் பார்த்தேன். வளைந்துதான் இருந்தது.

"எப்படிங்க அத்தை?"

"பனி மூடிட்டா கொழுந்து கண்ணுக்கா தெரியுது? எளசு எது, முத்தல் எதுன்னு வெரலுதானே பாக்குது."

"தம்பி, நீங்களும் ஒக்காருங்க" என்றார் மாமன். என் கண்ணைக் கட்டினார்கள். ஊசியைச் சுகந்தி வாங்கிக்கொண்டாள்.

"ஒன்னா, ரெண்டா?"

"ஒன்னு."

"இப்ப?"

"ஒன்னு."

பத்துத் தடவையும் உறுதியாக 'ஒன்னு' என்றேன். லேஞ்சியை அவிழ்த்தபோது என் மாணவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத் தடவையும் ரெண்டு மொனையாலதாங்க தொட்டேன்" என்றாள் சுகந்தி. "கடைசியில பாவம்னு கொஞ்சம் விரிச்சே வச்சேன்." பிறகு சுவரைப் பார்த்தாள். "அம்மா, இங்க வேற மாதிரி எழுதியிருக்கு." முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தும் காட்டினாள்.

அத்தை தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் ஏசியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மாமனுக்கு வேறு கவலை. "அது கெடக்கட்டும். தம்பிக்குக் கையில உணர்ச்சியே இல்லையே. எங்க பெரியப்பாவுக்குச் சீனி வியாதி இப்படித்தான் தொடங்குச்சு. பரிசத்துக்கு முன்னால ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டிருவோம்."

பரிசம் தள்ளிப்போனது. அடுத்த வாரம் மாமனின் காவலில் டிக்கோயா ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். சீனி இல்லை. டொக்டரம்மா என் விரல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விரல் பெரிதானால் தொடுகையை உணரும் நரம்பு நுனிகள் தள்ளித் தள்ளி இருக்கும். சின்ன விரல்களில் நெருக்கமாக இருக்கும். பழக்கமும் கூர்மையைக் கூட்டும். இது வியாதியே இல்லை என்று விளக்கினார்.

"அதை எழுதித் தாங்கம்மா" என்றார் மாமன்.

'விரல் பெரிது, வேறு குறை இல்லை' என்ற அந்தத் துண்டுச் சீட்டோடு அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அட்டையைக் கிழிச்சிட்டேன் அத்தை. மன்னிச்சிருங்க."

"நம்ம கையப் பத்தி நம்ம புள்ளையே அப்படி எழுதலாமா மாப்ள?" என்றார். உள்ளே போய்த் தேத்தண்ணியோடு வந்தார். "குடிங்க. சூடுதான். ஒங்களுக்குத்தான் தெரியாதே."

பரிசம் போட்டார்கள்.

இன்றுவரை எங்கள் வீட்டில் தக்காளி வாங்க என்னை அனுப்புவதில்லை. மகள் பிறந்த அன்று எல்லோரும் அவள் முகம் யாருடைய சாயல் என்று பார்த்தார்கள். அத்தை மட்டும் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதீங்க மாப்ள. வெரலு எங்க பக்கம்."