ஒரு குடுவை பென்சீன்

பயந்த மனிதனிடம் எடை போடும் வேலையைக் கொடுக்கக் கூடாது. நான் அப்படிப்பட்டவன். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் என் பெயரையே தப்பாகச் சொல்லிவிடுவேன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், சித்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து லாபரட்டரியில் அசிஸ்டெண்ட் வேலைக்குப் போய் நின்றேன். கிடைக்காவிட்டால் திருப்பதியில் அப்பாவோடு கோயில் மடப்பள்ளியில் அடுப்படி. (புகை பட்டாலே எனக்கு மூச்சு முட்டும். அப்பாவுக்கு அது வெறும் சாக்கு.)

கெமிஸ்ட்ரி வாத்தியார் சாமுவேல் சார் ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டினார்.

"இதுல ஒரு கேஸ் புடிச்சுத் தரேன். கார்பனும் ஹைட்ரஜனும் சரிக்குச் சரி. எடை போட்டு ஃபார்முலா இன்னான்னு சொல்லு. நான் இங்கயேதான் இருக்கேன், பயப்படாதே தம்பி."

அவர் அங்கேயே இருந்ததுதான் பயம்.

முறை தெரியும். பம்பால் காற்றை உறிஞ்சிவிட்டு வெறுங் குடுவையை நிறுக்க வேண்டும். கேஸ் நிரப்பி மறுபடி நிறுக்க வேண்டும். வித்தியாசம்தான் கேஸின் எடை. அந்தக் குடுவையின் அளவுக்கு அதை நூறால் பெருக்கினால் மூலக்கூறு எடை என்று சாரே சொல்லிவிட்டார். அதைப் பதின்மூன்றால் வகுத்தால் (கார்பன் பன்னிரண்டு, ஹைட்ரஜன் ஒன்று) எத்தனை ஜோடி என்று தெரிந்துவிடும்.

வெறுங் குடுவையை நிறுத்தேன். சார் கேஸ் நிரப்பித் தந்தார். எங்கள் வீட்டில் புது அம்மி வந்தால்கூடச் சந்தனம் வைக்காமல் தொடமாட்டோம். தங்கை கொடுத்தனுப்பிய பெருமாள் சந்தனம் சட்டைப் பையில் இருந்தது. சார் ஜன்னல் பக்கம் திரும்பியபோது குடுவையின் பின்புறம் ஒரு பொட்டு வைத்தேன். (பயத்தில் சற்றுப் பெரிய பொட்டு.)

நிறுத்துப் பெருக்கினேன். எழுபத்தெட்டு. பதின்மூன்றால் வகுத்தால் ஆறு! மீதியே இல்லை! மீதி வராத கணக்கு தப்பாகுமா?

"சி சிக்ஸ் எச் சிக்ஸ், சார். பென்சீன்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு சீசாவை எடுத்து என் மூக்குக்கு எதிரே ஆட்டினார். உள்ளே தண்ணீர் மாதிரி எதுவோ ஆடியது.

"பென்சீன் இதுப்பா. நான் ரொப்பினது கார்பைடு லைட்ல எரியுதே, அந்த அசிட்டிலீன். இருபத்தாறு வரணும். மூணு மடங்கு எப்பிடி ஆச்சு?"

குடுவையைத் தூக்கித் திருப்பினார். விரலெல்லாம் சந்தனம்.

"இன்னாய்யா இது?"

"பிரசாதம், சார்."

"நாங்களுந்தான் ஜெபம் பண்ணிக்கினு வேலை ஆரம்பிக்கிறோம். அதைத் தராசுல ஏத்தறதில்லையே!"

துடைத்துவிட்டு மறுபடி நிறுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். என் வாயில் வந்தது வேறு.

"துடைச்சா பாவம், சார்."

வேலை வேறொருவனுக்குப் போயிற்று. நான் இருமிக்கொண்டே மடப்பள்ளிக்குப் போனேன். எனக்கு முன்பே கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னைத் தராசுப் பக்கம் விட்டதில்லை.

போன தையில் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகைகளின் மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். சம்பந்தி எதிரே உட்கார்ந்திருக்கிறார், உள்ளேயிருந்து என் மனைவி கத்துகிறாள்:

"ஏன்னா, மெல்லிசாத் தடவுங்கோ! தபால்காரன் நிறுத்துப் பார்த்துட்டு, பென்சீன்னு திருப்பி அனுப்பிடப் போறான்!"